மை வாங்கியே காசு கரையுதா? கார்ட்ரிட்ஜ் ரீஃபில் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்



போன செயற்குழுக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்தபோது 'அச்சு மை' என்று ஒரு வரி வந்தது. பிள்ளைப்பாக்கம் அக்கா ஒருவர் எழுந்து, "இன்னா மேடம், கரண்ட் பில்லை விட மை பில்லு ஜாஸ்தியா இருக்குது? நாங்க மாசாமாசம் சந்தா கட்றது மை வாங்கறதுக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அந்த பிரிண்டரைப் பார்த்து எடுத்து வந்தது நான்தான். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது எதுவோ அதை எடுத்தேன், சிக்கனம் என்று நினைத்து. சமூகப்பணிப் படிப்பில் பட்ஜெட் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். பிரிண்டர் வாங்குவதற்கு முன்னால் மை விலையைக் கேள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. அலுவலகத்துக்கு மட்டுமல்ல. பிள்ளைப்பாக்கம், வல்லம், வடகால், ஒரகடம் என்று சிப்காட் வளர வளர, பயோடேட்டா அடிக்கவும் ஆதார் நகல் எடுக்கவும் வரும் பிள்ளைகளை நம்பி நம் உறுப்பினர்கள் சிலர் குழுக்கடன் எடுத்து ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது அடுப்பெரியும் விஷயம்.

பிரிண்டர் மலிவு, மை விலை

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பிரிண்டர் வியாபாரம் அப்படித்தான். மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, லாபத்தை மையில் எடுப்பார்கள். சின்ன இங்க்ஜெட் பிரிண்டரின் கருப்பு கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது சுமார் ஒரு ஸ்பூன் டானிக் அளவு மைதான்.

அதனால் பிரிண்டர் விலையைப் பார்க்காதீங்க. கார்ட்ரிட்ஜ் விலையைக் கேளுங்க, அது எத்தனை பக்கம் வரும் என்று கேளுங்க, விலையைப் பக்கத்தால் வகுங்க. குழுவில் வட்டிக் கணக்கு போடத் தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமில்லை. எத்தனை பக்கம் என்பதைக் கம்பெனியே சொல்லியிருக்கும். ஹெச்.பி. 803 சின்ன கருப்பு கார்ட்ரிட்ஜ் என்றால் சுமார் 195 பக்கம். ஹெச்.பி. 682 கருப்பு 480 பக்கம். லேசர் பிரிண்டருக்குப் போடும் 12ஏ டோனர் 2,000 பக்கம்.

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக மட்டும் சில விலைகளை வைத்துக்கொள்வோம். 195 பக்கம் தரும் கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய் என்றால் ஒரு பக்கத்துக்கு மை மட்டும் 4 ரூபாய் 60 காசு. 2,000 பக்கம் தரும் புது டோனர் 5,500 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய் 75 காசு. அதே டோனரை 300 ரூபாய்க்கு ரீஃபில் செய்து, 2,000 வராமல் 1,500 பக்கம்தான் வந்தது என்று வைத்தாலும் பக்கத்துக்கு 20 காசு.

இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகோதரி யோசிக்கட்டும். ஒரு காப்பிக்கு 2 ரூபாய் வாங்குகிறீர்கள். மை மட்டுமே 2 ரூபாய் 75 காசு ஆனால், பேப்பர் காசு, கரண்ட் காசு போடுவதற்கு முன்பே ஒவ்வொரு காப்பிக்கும் கையிலிருந்து 75 காசு போகிறது. வாடிக்கையாளர் கூடக்கூட நஷ்டமும் கூடும். கடையில் கூட்டம் இருக்கிறது, கையில் காசு நிற்கவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் மைக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனி சொல்லும் பக்க எண்ணிக்கை, பேப்பரில் சுமார் 5 சதவீத இடத்தில்தான் மை படும் என்ற கணக்கு. அதாவது சில வரிகள் உள்ள ஒரு சாதாரணக் கடிதம். கட்டம் போட்ட கடன் விண்ணப்பமும் போட்டோவோடு ஆதார் நகலும் இதைவிட அதிகம் குடிக்கும். சொன்னதில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜில் ஊசி போடுவது

இங்க்ஜெட் என்பது தண்ணீர் மை. கார்ட்ரிட்ஜின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குட்டி ஹீட்டர். மையை ஒரு நொடியில் சின்னஞ்சிறு பங்கு நேரம் சுட வைக்கும். குமிழி வரும், குமிழி துளி மையைப் பேப்பரில் தள்ளும். 1977-ல் ஜப்பானில் கேனான் கம்பெனி ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் கம்பி தவறுதலாக ஒரு மை ஊசியில் பட்டு, ஊசி முனையிலிருந்து மை பீச்சி அடித்ததைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். இன்றைக்கு ரீஃபில் கடைக்காரர் கையில் இருப்பதும் ஊசிதான்!

கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும். மேல் ஸ்டிக்கரை எடுத்து, துளை வழியாக ஊசியை விட்டு, மெதுவாக, மிக மெதுவாக மையை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று சிக்கும், அடியில் ஒழுகும். கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று அறை இருப்பதால் எந்தத் துளை எந்த நிறம் என்று தெரியாமல் ஊற்றினால் மஞ்சள் பச்சையாகிவிடும். பிறகு அது குப்பைக்குத்தான்.

இதில் பலபேர் செய்கிற தப்பு, மை சொட்டு இல்லாமல் தீரும்வரை அச்சடித்துவிட்டு, காலி கார்ட்ரிட்ஜை ஒரு மாதம் மேஜை டிராயரில் போட்டு வைத்து, பிறகு கடைக்கு எடுத்துப் போவது. நானும் செய்திருக்கிறேன். மை இல்லாமல் ஹீட்டர் சுடும்போது, தண்ணீர் இல்லாத பாத்திரத்தை அடுப்பில் வைத்த மாதிரி அது கருகிவிடும். துளையில் மிச்ச மை காய்ந்து அடைத்துவிடும். எழுத்து மங்க ஆரம்பித்த உடனே எடுத்து, பாலிதீன் கவரில் சுற்றி, அன்றைக்கோ மறுநாளோ ரீஃபில் செய்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு கார்ட்ரிட்ஜ் நாலைந்து முறை வரும். அதற்கு மேல் துளைகள் தேய்ந்து கோடு கோடாக அடிக்கும்.

ரீஃபில் செய்த பிறகும் கம்ப்யூட்டரில் 'மை தீர்ந்துவிட்டது' என்று காட்டும். பயப்படாதீங்க. கார்ட்ரிட்ஜில் உள்ள சிப் பழைய கணக்கையே நினைவில் வைத்திருக்கிறது. பெரும்பாலான சின்ன மெஷின்களில் ஓ.கே. அழுத்தினால் அச்சடிக்கும்.

டோனர் என்றால் வேறு கதை

லேசர் பிரிண்டரில் இருப்பது மை அல்ல, பவுடர். பிளாஸ்டிக்கும் கரியும் கலந்த மிக நுண்ணிய தூள். மெஷின் அதைப் பேப்பரில் ஒட்டி, சூட்டில் உருக்கிப் பதிய வைக்கிறது. அதனால்தான் ஜெராக்ஸ் பேப்பர் வெளியே வரும்போது சுடச்சுட இருக்கிறது.

ஜெராக்ஸ் கடைகளில் பரவலாகப் பார்க்கும் ஹெச்.பி. 1020, எம்1005, கேனான் எல்.பி.பி. 2900 ஆகியவற்றின் டோனர்கள் (12ஏ, கேனான் 303) ஏறக்குறைய ஒரே அமைப்புதான். அவற்றில் சிப் கிடையாது. ரீஃபில் கடைக்காரர்களுக்கு இவை செல்லப்பிள்ளைகள். சென்னை ரிச்சி தெருவில் பவுடர், டிரம், பிளேடு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும்.

ஆனால் இங்கேதான் ஏமாற்றமும் அதிகம். டோனருக்குள் இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் புதுப் பவுடர். மற்றதில், பேப்பரில் ஒட்டாமல் டிரம்மில் மிஞ்சிய பவுடரை ஒரு ரப்பர் பிளேடு வழித்துச் சேர்க்கும் கழிவு. ரீஃபில் செய்யும்போது இந்தக் கழிவு அறையைக் காலி செய்ய வேண்டும். அவசரக் கடைகளில் இதைச் செய்வதில்லை. முதல் முறை தெரியாது. இரண்டாம், மூன்றாம் முறை கழிவு நிரம்பி வழியும்.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது இது. ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று காலையிலேயே கடையில் இருபது முப்பது பிள்ளைகள். பத்தாவது காப்பியிலிருந்து ஓரத்தில் கருப்புக் கோடு. பிறகு மெஷினுக்குள்ளேயே பவுடர் கொட்டி, வெளியே வந்த பேப்பர் எல்லாம் புகை பிடித்த மாதிரி. ஒரு கட்டு பேப்பர் வீண், பிள்ளைகள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், மெஷினைச் சுத்தம் செய்ய மெக்கானிக் கூலி வேறு. ரீஃபிலில் மிச்சம் பிடித்த பணம் ஒரே காலையில் போனது. அந்த மாதக் கடன் தவணையைக் குழுவில் தாமதமாகத்தான் கட்ட முடிந்தது. "மேடம், ரீஃபிலே வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தப்பு ரீஃபிலில் இல்லை, செய்த விதத்தில் இருக்கிறது என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு இரண்டு கூட்டம் ஆனது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கழிவைக் கொட்டிட்டுத்தானே போடுவீங்க? என் கண் எதிர்ல பிரிங்க." தயங்கினால் வேறு கடை பாருங்க. சிலர் அந்தக் கழிவுப் பவுடரையே திரும்ப நிரப்புவார்கள். அதில் பேப்பர் தூசு கலந்திருக்கும், டிரம்மைக் கீறிவிடும். பச்சை அல்லது நீல நிறத்தில் பளபளவென்று இருக்கும் நீள உருளைதான் டிரம். அதில் விரல் படக்கூடாது, வெயில் படக்கூடாது. இரண்டு மூன்று ரீஃபிலுக்கு ஒரு முறை டிரம்மும் பிளேடும் மாற்றுவது நல்லது. அதற்கான செலவையும் சேர்த்துத்தான் கணக்கு போட வேண்டும்.

டெஸ்ட் பேப்பர் எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க. பேப்பரில் ஒரே புள்ளி சுமார் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், 12ஏ வகையில் டிரம் கீறியிருக்கிறது என்று அர்த்தம். டிரம் ஒரு சுற்று சுற்றும் தூரம் அது. மேலிருந்து கீழாக நேர்கோடு வந்தால் டிரம் கீறலோ பிளேடு தேய்மானமோ. பேப்பர் முழுக்க சாம்பல் பூத்தது போல் இருந்தால் பவுடர் சரியில்லை, அல்லது டிரம்மின் ஆயுள் முடிந்தது.

பவுடர் கையில், சேலையில் பட்டால் வெந்நீர் ஊற்றாதீங்க. சூட்டில் அது உருகி ஒட்டிக்கொள்ளும். முதலில் உதறி, பச்சைத் தண்ணீரில் அலசுங்க. வாயால் ஊதக்கூடாது, மூச்சில் போகும். கடையில் குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நாலு பெயர், நாலு பொருள்

கடையில் எல்லாவற்றையும் 'ரீஃபில்' என்றே சொல்வார்கள். நீங்கள் பிரித்துக் கேளுங்க. பழைய கூட்டில் மை மட்டும் ஊற்றினால் ரீஃபில். பழைய கூட்டைப் பிரித்து, கழுவி, டிரம், பிளேடு போன்ற தேய்ந்த பாகங்களை மாற்றி, சோதித்துக் கொடுத்தால் அது மறு உற்பத்தி, அதாவது ரீமேனுஃபேக்சர்டு. ரீஃபிலை விடக் கொஞ்சம் விலை கூடும், புதுசை விட நிறையக் குறையும், கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வேறு கம்பெனி புதிதாகவே செய்து தன் பெயரில் விற்பது கம்பாட்டிபிள். இவை மூன்றும் நேர்மையான சரக்கு. நாலாவது, பெரிய கம்பெனியின் பெயரையும் டப்பாவையும் போலியாக அச்சடித்து ஒரிஜினல் என்று விற்பது. அது 1999-ம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டப்படி குற்றம். 'ஒரிஜினல், பாதி விலை' என்று யாராவது சொன்னால் இதுவாகத்தான் இருக்கும்.

"கம்பெனிக்காரன் கேஸ் போட மாட்டானா?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்ற பெரிய பிரிண்டர் கம்பெனி, தன்னுடைய காலி டோனரை வாங்கி மறுபடி நிரப்பி விற்ற இம்ப்ரஷன் புராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி மீது வழக்கு போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே 30-ல் தீர்ப்பு சின்னக் கம்பெனி பக்கம். ஒரு பொருளை விற்ற பிறகு அதன் மீது காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்றார்கள். பாத்திரத்தை விற்ற கடைக்காரர், அதில் என் கடை அரிசியைத்தான் பொங்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் நம் ஊரிலும் ரீஃபில் கடைகள் பல வருஷமாகப் போர்டு மாட்டி வெளிப்படையாகத்தான் நடக்கின்றன.

கம்பெனிகளும் சும்மா இல்லை. 2016 செப்டம்பரில் ஹெச்.பி.யின் சில மாடல் பிரிண்டர்கள் வேற்று சிப் உள்ள கார்ட்ரிட்ஜுகளைத் திடீரென்று ஏற்க மறுத்தன. இன்டர்நெட் வழியாகவே மெஷினுக்குள் போயிருந்த மாற்றம் அது. இதுபோன்ற நடைமுறையை வாங்குபவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று இத்தாலி நாட்டு அதிகாரிகள் 2020-ல் அந்தக் கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். ஆகவே புது பிரிண்டர் வாங்கும்போது, "இதுக்கு ரீஃபில் போட்டா வேலை செய்யுமா?" என்று ரீஃபில் கடையில் முதலில் கேட்டுவிட்டு, பிறகு பிரிண்டர் கடைக்குப் போங்க.

டேங்க் பிரிண்டர்

2010 வாக்கில் இந்தோனேஷியா போன்ற நாடுகளில் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மை பாட்டில் கட்டி, டியூப் வழியாக மை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்த எப்சன் கம்பெனி தானே டேங்க் வைத்த பிரிண்டரை அங்கே முதலில் விற்றது. அடுத்த வருஷமே நம் நாட்டுக்கும் வந்தது. ஏழைக் கடைக்காரர்களின் மூளையில் உதித்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். இதில் எப்சன் 003 கருப்பு பாட்டில் 4,500 பக்கம் வரை வரும் என்று கம்பெனி சொல்கிறது. பாட்டில் 400 ரூபாய் என்று வைத்தால் பக்கத்துக்கு 9 காசு. இங்கே ஒரிஜினல் மையே மலிவு என்பதால், ஐம்பது நூறு ரூபாய்க்காக லோக்கல் மை ஊற்றி வாரண்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. பிரிண்டர் விலை கூடுதல். மாதம் நூறு பக்கம்கூட அடிக்காத குழுவுக்கு இது தேவையே இல்லை, கடையில் கொடுத்து அடித்துக்கொள்வதே லாபம்.

தண்ணீர் பட்டால்?

மிச்சம் பிடிக்கிற ஆசையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் காகிதங்கள் நனைந்தன. காய வைத்து எடுத்தபோது ஜெராக்ஸ் நகல்கள் படிக்கிற மாதிரி இருந்தன. இங்க்ஜெட்டில் அடித்தவை பல ஊதா நிறத்தில் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தன. காரணம், மையில் இரண்டு ரகம். சாய மை தண்ணீரில் கரையும். பிக்மென்ட் மை பேப்பரில் படிந்து நிற்கும். சின்ன ஹெச்.பி. கருப்பு கார்ட்ரிட்ஜில் கம்பெனி போடுவது பெரும்பாலும் பிக்மென்ட். ரீஃபில் கடைகளில் விலை குறைவு என்று சாய மையை ஊற்றிவிடுவார்கள். பார்க்க ஒரே கருப்புதான். அச்சடித்த பேப்பரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தெரிந்துவிடும்.

எனவே தீர்மான நகல், கடன் ஒப்பந்தம், தணிக்கை அறிக்கை போன்றவற்றை லேசரிலோ ஜெராக்ஸிலோ எடுங்க. கூட்ட அழைப்பு, வருகைப் பட்டியலுக்கு எந்த மையானாலும் போதும்.

இன்னொரு சின்ன விஷயம். இங்க்ஜெட் பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் நிறுத்தாதீங்க. அதன் பட்டனை அழுத்தி நிறுத்தினால்தான் கார்ட்ரிட்ஜ் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் முனை காய்ந்துவிடும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று மெஷினே கொஞ்சம் மையைக் குடித்துவிடும்.

இதையே தொழிலாகச் செய்யலாமா?

இரண்டு குழுவினர் கேட்டிருக்கிறீர்கள். கம்பெனிகள் இத்தனை இருக்கின்றன, காலி கார்ட்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்குமே என்று. அவ்வளவு சுலபம் இல்லை. பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் மின்னணுக் கழிவுப் பட்டியலில் உள்ளவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகளின்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். கேட்டில் போய்க் கேட்டு வாங்கிவரும் வேலை அல்ல. அதோடு டோனர் பவுடர் வேலையைக் காற்றோட்டமான தனி அறை, முகமூடி இல்லாமல் வீட்டுத் திண்ணையில் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

ஏற்கனவே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் தன் கடை டோனருக்குத் தானே ரீஃபில் செய்யப் பழகுவது வேறு. அது முடியும். பழுதான கூடு ஒன்றை வாங்கி, நாலைந்து முறை பிரித்து மாட்டிப் பழகினால் போதும். சுழல் நிதி எடுத்து மிஷின் வாங்குகிற அளவுக்கு இறங்க வேண்டாம்.

நம் அலுவலகத்தில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நான் வாங்கிய பிரிண்டரைத் தூக்கிப் போடவில்லை. கலர் தேவைப்படும்போது மட்டும் அதில் அடிக்கிறோம். மற்றவை பழைய லேசர் மெஷினில். பிரிண்டர் மேல் ஒரு 40 பக்க நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ரீஃபில் செய்த தேதி, கொடுத்த காசு, அடித்த பக்கம் ஆகியவற்றை அடிப்பவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைப்பாக்கம் அக்காவையே நோட்டைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறோம். போன வாரம் வந்து பார்த்தவர், "பதினெட்டாம் தேதி நூத்திப்பத்து பக்கம் அடிச்சது யாரு? கையெழுத்தே இல்லையே?" என்றார். அது நான்தான்.